அரண்மனையில் கட்டில் போட்டால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். கட்டடக்கலை இறுதியாண்டு. தீசிஸுக்குப் பழைய அரண்மனை அல்லது ஜமீன் மாளிகை ஒன்றை எடுத்து, போரில் காயம்பட்டவர்களுக்கும் மனம் நொந்தவர்களுக்குமான மறுவாழ்வு மையமாக மாற்றிக் காட்டப் போகிறீர்கள். கைடு "கேட்க நல்லாத்தான் இருக்கு, எங்கேயாவது நடந்திருக்கா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார்.

நடந்திருக்கிறது, தாராளமாக. பாரிஸில் வால் த கிராஸ் என்று ஒரு கன்னிமாடம், பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் ராணி கட்டியது. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் கன்னியாஸ்திரீகள் போய் ராணுவ மருத்துவமனை வந்தது, முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு அங்கே முகத்தை ஒட்டித் தைத்துக் கொடுத்தார்கள், 2016 வரைக்கும் மருத்துவமனையாகவே ஓடியது. அந்த முகம் சிதைந்த ஆட்கள் பிறகு தாங்களே சங்கம் சேர்ந்து, நிதி திரட்டி, 1927-இல் பாரிஸுக்கு வெளியே முஸ்ஸி-லெ-வியூ என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையை வாங்கித் தங்களுக்கான வீடாக வைத்துக்கொண்டார்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாத ஒருவன், தன்னைப் போலவே இருக்கும் இன்னும் ஐம்பது பேரோடு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் அவர்களை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை, அவர்களாக வாங்கிப் போனார்கள்.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன், சுண்ணாம்பும் தேக்கும்தான் சோறு போடுகின்றன, அதனால் பழைய கட்டடத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனாலும் சொல்கிறேன், இந்த மாதிரித் திட்டங்களில் தூணும் கூரையும் முகப்பும் பாதி மார்க் கூட வாங்காது. காயம்பட்டவன் வாசலைத் தாண்டி வெளியே போகலாமா, கழிப்பறைக்கு யார் உதவியும் இல்லாமல் போய் வர முடிகிறதா, பகல் முழுக்க அவன் கைக்கு என்ன வேலை, இந்த மூன்றில்தான் எல்லாம் நிற்கிறது. அதை ஒரே கட்டடத்தில் நல்லதாகவும் கெட்டதாகவும் பார்க்க வேண்டுமானால் பிரைட்டனுக்குத்தான் போக வேண்டும்.

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பிரைட்டன். அங்கே இருக்கும் ராயல் பெவிலியன், பிறகு நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசருக்கு ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர் 1815 முதல் ஏழெட்டு வருடம் இழுத்துக் கட்டியது. வெளியே முகலாயக் குவிமாடம், மினார். உள்ளே சீன டிராகன். நாஷ் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. இளவரசருக்குப் பின்னால் வந்த விக்டோரியா ராணிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, 1850-இல் 53,000 பவுண்டுக்கு ஊர் நிர்வாகமே வாங்கிக்கொண்டது. பக்கத்திலேயே பெரிய குவிமாடத்தோடு இருக்கும் 'டோம்' இளவரசரின் குதிரைலாயம், 1860-களில் கச்சேரி மண்டபமாக மாறியது. அதை ஒட்டிய குதிரையேற்றக் கூடம் தானியச் சந்தையாக மாறியது. ஆக, போர் வருவதற்கு முன்பே அந்த வளாகம் இரண்டு மூன்று தடவை வேலை மாறிப் பழகிவிட்டது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஒரு கட்டடம் ஏற்கெனவே மாறிப் பழகியதா, அல்லது கட்டிய நாளிலிருந்து ஒரே வேலையைச் செய்துகொண்டு விறைத்துப்போய் நிற்கிறதா என்பது நம் தொழிலில் முதலில் பார்க்கிற விஷயம்.

1914 இலையுதிர்காலத்தில் இந்தியச் சிப்பாய்களைக் கப்பலில் கொண்டுவந்து பிரான்ஸில் இறக்கினார்கள். அக்டோபரிலேயே காயம்பட்டவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை வைக்க இங்கிலாந்தில் இடம் தேடியபோது பிரைட்டன் ஊர் பெவிலியனையும் டோமையும் தானியச் சந்தையையும் கொடுத்தது. சில வாரங்களில் மாற்றி முடித்து டிசம்பரில் ஆட்களை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள், மொத்தம் 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள். அந்த அவசரத்திலும் செய்த வேலையைப் பாருங்கள். வரைந்த சுவர்கள்மேல் பலகை அடித்து மூடினார்கள், தரையில் லினோலியம் விரித்தார்கள், தொங்குவிளக்குகளை அப்படியே விட்டார்கள். இசைக் கூடத்தில் டிராகன்களுக்குக் கீழே வரிசையாக இரும்புக் கட்டில்கள் கிடக்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். போட்டதை எடுத்தால் பழையபடி இருக்க வேண்டும் என்று நமக்குக் கல்லூரியில் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதை, அந்தப் பாடம் எழுதப்படும் முன்பே தச்சர்கள் செய்துவிட்டார்கள். முழுக்கத் தப்பிக்கவில்லை என்பதும் உண்மை, போர் முடிந்தபின் பழுதுபார்க்க அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த முடிவு, அரண்மனைச் சமையலறையை அறுவை சிகிச்சை அறையாக மாற்றியது. ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். மெல்லிய இரும்புத் தூண்கள், உச்சியில் செம்பில் செய்த பனை ஓலைகள், வேடிக்கையாக இருக்கும். அதை மறந்துவிட்டு மேலே பாருங்கள்: கூரைக்குக் கீழே சுற்றிலும் உயரமான ஜன்னல்கள், சமையல் புகையும் சூடும் வெளியேறுவதற்காக வைத்தவை. அறுவை சிகிச்சைக்கும் இதே தேவைதான், மேலிருந்து நிழல் விழாத வெளிச்சம், காற்று, கழுவி விடக்கூடிய தரை, பக்கத்திலேயே தண்ணீர். பழைய கட்டடத்தில் அறையின் பெயரைப் பார்த்து வேலை கொடுக்காமல், அந்த அறை எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்து வேலை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வரைபடத்தில் தர்பார் ஹாலைத் 'தியான மண்டபம்' ஆக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சமையலறையையும் குதிரைலாயத்தையும் நெல் பத்தாயம் இருந்த அறையையும் முதலில் பாருங்கள், உண்மையான உழைப்பைத் தாங்குகிற இடங்கள் அவைதான்.

அப்புறம் சாப்பாடு. ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள், மதத்துக்கும் சாதிக்கும் தகுந்தபடி. ஆடு வெட்டுவது இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் ஒரு விதம், முஸ்லிம்களுக்கு ஒரு விதம், தண்ணீர்க் குழாய்கள் தனித்தனி, அறிவிப்புப் பலகைகள் உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும். புல்வெளியில் ஒரு கூடாரம் குருத்வாராவாக நின்றது, முஸ்லிம்கள் தொழுவதற்கு மெக்கா பார்த்த மாதிரி ஓர் இடம். இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே பாட்சம் என்ற இடத்துக்கு மேலே குன்றில் எரித்தார்கள், 53 பேர். அந்த இடத்தில் 1921-இல் வெள்ளைப் பளிங்கில் 'சத்ரி' என்ற குடை வடிவ நினைவு மண்டபத்தை எழுப்பினார்கள், அதை வடிவமைத்தது பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் கட்டடக்கலைஞர். முஸ்லிம்களை வோக்கிங் என்ற ஊரின் மசூதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது நெகிழ்ச்சியாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் உறுத்தவும் செய்யும். மரணத்தை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்த ஆட்களை, இங்கிலாந்தில் போய்க் குழாய்வாரியாகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள், பெருக்கித் துடைப்பதற்கும் 'அதற்கென்று உள்ள சாதி' ஆட்களைக் கடல் கடந்து கூட்டி வந்திருக்கிறார்கள். மரியாதை எது, இருக்கிற ஏற்பாட்டைப் பத்திரமாகப் பேணுவது எது என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. உங்கள் மையத்தின் சமையலறையை வரையும்போதும் இந்தக் கேள்வி வரும், வராத மாதிரி நடிக்காதீர்கள்.

இனி வேலி. அரசர் தன் சொந்த அரண்மனையையே இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்றொரு கதை பரவியது, பரவ விட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. அறுபது வருடத்துக்கு முன்பே அது ஊரார் சொத்து என்று பஞ்சாபில் யாருக்குத் தெரியும்? பெவிலியன் படங்களோடு புத்தகம் அச்சடித்து உருதுவிலும் குர்முகியிலும் கொடுத்தார்கள். 1915 ஆகஸ்ட் 25 அன்று ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து, பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் விஷவாயுவில் சிக்கிய ஜமேதார் மீர் தஸ்த்துக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவையைப் பெவிலியன் புல்வெளியில் அணிவித்தார். படத்துக்கு எவ்வளவு அழகான பின்னணி! அதே சமயத்தில் பிரைட்டனின் இந்திய மருத்துவமனைகளைச் சுற்றி வேலி உயர்ந்தது, முள்கம்பி வந்தது, வெளியே போக அனுமதியும் கூடவே காவலும் தேவைப்பட்டது, ஊர்ப் பெண்களோடு பேசிவிடுவார்களே என்ற பயம். ஊரின் பழைய ஏழைகள் விடுதியில் அமைந்த இன்னொரு இந்திய மருத்துவமனையில் கெடுபிடி இன்னும் மோசம், வெறுத்துப்போன இந்தியத் துணை மருத்துவர் ஒருவர் அங்கிருந்த தலைமை அதிகாரியைச் சுடப் போகும் அளவுக்குப் போனது. சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள், அதனாலேயே அவற்றின் நகல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இடத்தின் அழகைச் சொர்க்கம் என்று எழுதியவர்களும் உண்டு. காயம் ஆறியவனைத் திரும்பவும் சண்டைக்கே அனுப்புகிறார்களே என்ற குறைதான் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. டிராகன் போட்ட கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, புண் ஆற வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற மனுஷனுக்கு அந்தக் கூரையால் என்ன ஆறுதல்?

இங்கே ஒரு பக்கப் பேச்சு. நீங்கள் தலைப்பில் 'புனர்வாழ்வு' என்ற சொல்லை ஓர் இடத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நமக்கு அது சாதாரணச் சொல். ஈழத்து நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 2009-க்குப் பிறகு புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று 11,000-க்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்த முகாம்களுக்கு அங்கே அரசாங்கம் வைத்த பெயர் புனர்வாழ்வு நிலையம். பள்ளிக்கூடக் கட்டடங்களும் அதற்குப் பயன்பட்டன. ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற நம் மண்டபம் முகாமும் அப்படித்தான், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்து அடைத்து வைக்கக் கட்டிய இடம், பிறகு அகதியாக வந்தவர்களுக்கு அதையே கொடுத்தோம். வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கக் கட்டிய இடத்தில் குடும்பம் நடத்தச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அதனால் கோட்டை, பழைய சிறை, போலீஸ் லைன் மாதிரிக் கட்டடங்களைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், ஜூரி கைதட்டினாலும் சரி.

பிரைட்டன் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். 1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசபடோமியாவுக்கு மாற்றிவிட்டார்கள், பெவிலியன் காலியானது. 1916 வசந்தத்தில் அதே கட்டில்களில் கை கால் இழந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து படுத்தார்கள். 1920 வரை 6,000-க்கும் மேற்பட்டவர்கள். சுவர் அதேதான், விளக்கு அதேதான், ஆனால் தோட்டத்தில் ஒன்று புதிதாக முளைத்தது: குவீன் மேரி பட்டறை. கால் போனவன் காயம் ஆறும் வரை சும்மா படுத்துக் கிடக்காமல் தச்சு, மின்சார வேலை, மோட்டார் பழுதுபார்ப்பது என்று கற்றுக்கொண்டான். நோயாளிகளே 'பெவிலியன் புளூஸ்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள், நீல நிற மருத்துவமனை உடையை வைத்து வந்த பெயர். இந்தியச் சிப்பாய்க்கு அந்தக் கட்டடம் விருந்தினர் மாளிகையும் காவல் கூடமும் சேர்ந்த மாதிரி இருந்தது, பின்னால் வந்தவனுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. ஒரே செங்கல். நடத்திய விதம்தான் வேறு, யாரை எப்படி நடத்தலாம் என்ற கணக்கும்.

நம்மவர்களுக்கு அந்த மாதிரி ஒன்று பிறகு இங்கேயே வந்தது. உடல் ஊனமுற்று வந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு புனே பக்கம் கிர்க்கிக்கு மாறிய குவீன் மேரி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்.

பட்டறை என்றதும் ஸ்காட்லாந்தின் எர்ஸ்கின் மாளிகையைச் சொல்லாமல் விட முடியாது. கிளைட் நதிக்கரையில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், 1916 அக்டோபரில் கை கால் இழந்தவர்களுக்கான மருத்துவமனையாகத் திறந்தார்கள். செயற்கைக் கால் கிடைப்பது அப்போது பெரும்பாடு. அங்கே தலைமை அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூவன், நதிக்கரையில் கப்பல் கட்டும் யாரோ நிறுவனத்தின் உதவியைக் கேட்டார் ('யாரோ' அந்த நிறுவனத்தின் பெயர், யாரோ ஒருவர் என்று படித்துவிடாதீர்கள்). கப்பலுக்கு வார்ப்பு அச்சு செதுக்கும் மரவேலைக்காரர்கள் வந்து வில்லோ மரத்தில் கால் செதுக்கினார்கள். அப்புறம் கால் இழந்தவர்களே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, புதிதாக வருபவர்களுக்குக் கால் செய்து கொடுத்தார்கள். தன் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு இன்னொருவன் காலைச் செதுக்குகிறவனுக்கு எங்கே குத்தும், எங்கே உரசும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் கட்டடக்காரராகக் கவனிக்க வேண்டியது: மரம் அறுப்பது, தோல் தைப்பது, பாரிஸ் சாந்து கரைப்பது எல்லாம் தூசியும் சத்தமும் நாற்றமும் உள்ள வேலைகள், அவற்றை ஓவியம் தீட்டிய கூடத்தில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. லண்டன் பக்கம் ரோஹாம்ப்டன் மாளிகையில் 1915-இல் ஆரம்பித்த செயற்கை உறுப்பு மருத்துவமனையிலும் கால் செய்பவர்கள் மாளிகைக்கு வெளியே கொட்டகைகளில்தான் வேலை செய்தார்கள். இன்றைக்கு வந்தாலும் இதே கதை. பிரிட்டிஷ் ராணுவத்தின் மறுவாழ்வு மையம் பல வருடம் ஹெட்லி கோர்ட் என்ற மாளிகையில் இருந்து, 2018-இல் நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்டான்ஃபோர்ட் ஹால் வளாகத்துக்கு மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை, ஏறக்குறைய 30 கோடி பவுண்டு செலவு. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்கள், நீச்சல் குளம், நடையை அளக்கிற ஆய்வகம் எல்லாம் பக்கத்தில் எழுப்பிய புதுக் கட்டடங்களில். மாளிகை வீட்டுக்காரர் மாதிரி நடுவில் நிற்கிறது, வேலை நடப்பது சுற்றிலும். உங்கள் வரைபடத்தில் எல்லாவற்றையும் மாளிகைக்குள்ளேயே திணித்திருந்தால் பாதியை வெளியே தூக்கிப் போடுங்கள்.

உடம்புக்கு அடி, சரி. மனசுக்கு? எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட், 1880-இல் திறந்த நீர்ச் சிகிச்சை ஹோட்டல், பணக்காரர்கள் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வரும் இடம். 1916 முதல் 1919 வரை 'ஷெல் ஷாக்', அதாவது போர் அதிர்ச்சியில் மனம் உடைகிற நோய், வந்த ராணுவ அதிகாரிகளை அங்கே வைத்தார்கள். அதிகாரிகள் மட்டும், கவனியுங்கள், சாதாரணச் சிப்பாய்க்கு அந்த மலைக்காற்று கிடையாது. அங்கே இருந்த மருத்துவர்களில் ஒருவர் ரிவர்ஸ். நம் ஊட்டி மலைக்கு 1901-02-இல் வந்து தோடர்களிடையே மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தாரே, அதே ஆள். பயந்தவனைக் கோழை என்று திட்டாமல், மறக்கச் சொல்லி விரட்டாமல், உட்கார வைத்துப் பேச விட்டார். இன்னொரு மருத்துவர் பிராக் வேறு வழிக்காரர், அறுந்துபோன மனுஷனை ஊரோடு திரும்பக் கட்ட வேண்டும் என்பார். நோயாளிகளை மையத்துக்கு வெளியே அனுப்பினார். பிற்காலத்தில் பெரிய கவிஞர் என்று பெயர் வாங்கிய ஓர் இளம் அதிகாரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார், மருத்துவமனைப் பத்திரிகையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பிரைட்டனில் முள்கம்பி, இங்கே பள்ளிக்கூடம்.

கட்டடம் என்று பார்த்தால் கிரெய்க்லாக்ஹார்ட் இருண்ட, கனத்த கட்டடம். பகலில் டென்னிஸ், கோல்ஃப் என்று ஹோட்டல் மாதிரியே ஓடும், இரவானால் வேறு இடம் ஆகிவிடும் என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள், ஒருவன் கனவில் கத்தினால் தளம் முழுக்கக் கேட்கும். நம் அரண்மனைகளும் அப்படித்தான், உயரக் கூரை, வழவழப்பான தரை, ஒரு தட்டு கீழே விழுந்தால் வெடி மாதிரி எதிரொலிக்கும். வெடிச்சத்தத்துக்குத் தூக்கிப் போடுகிற உடம்புள்ள ஆளுக்கு அது தினசரிச் சித்திரவதை. வைக்கோல் அட்டை, துணித் திரை, கம்பளம், கதவு விளிம்பில் ரப்பர் என்று மலிவாகச் செய்ய நிறைய இருக்கிறது, சுவரில் ஒரு ஆணி கூட அடிக்காமல். படுக்கையில் இருந்தபடியே கதவைப் பார்க்க முடிய வேண்டும், முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி இருக்கக்கூடாது. எதிர்பாராமல் யாரும் பின்னால் வந்து நிற்காத இடமாக இருந்தால் அவர்கள் கொஞ்சம் தூங்குவார்கள்.

தோற்ற கதை ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் கைடு நம்ப மாட்டார். லண்டன் ரிச்மண்ட் குன்றில் ஸ்டார் அண்ட் கார்ட்டர் என்று பெயர் போன ஹோட்டல், தேம்ஸ் நதி வளைவது ஜன்னலிலிருந்து தெரியும். 1916 தொடக்கத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன சிப்பாய்களை அங்கே வைத்தார்கள். காட்சி அற்புதம்தான், கட்டடம் ஒத்துவரவில்லை. ஹோட்டல் என்பது நடக்கத் தெரிந்தவனுக்காகக் கட்டியது. கடைசியில் இடித்துத் தள்ளிவிட்டு அதே இடத்தில் எட்வின் கூப்பர் என்பவரின் வடிவமைப்பில் புதிதாகக் கட்டி 1924-இல் திறந்தார்கள். எந்தக் கட்டடம் ஒத்துவராது என்று ஒப்புக்கொள்வதும் நம் வேலைதான். அப்படிப் புதிதாகக் கட்டியதும் இப்போது ஆடம்பரக் குடியிருப்பு, ரோஹாம்ப்டன் மாளிகையும் குடியிருப்பு, எர்ஸ்கின் மாளிகை ஐந்து நட்சத்திர ஹோட்டல். கால் போனவர்களுக்காகக் கைப்பிடி வைத்த நடைபாதையில் இப்போது யார் நடக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். உங்கள் தீசிஸில் கட்டடத்தின் உரிமை யாரிடம், முப்பது வருடம் கழித்து என்ன என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள், முஸ்ஸி-லெ-வியூ ஆட்கள் ஏன் சொந்தமாக வாங்கினார்கள் என்பதும் அங்கேதான் வரும்.

நம் ஊர்க் கட்டடங்களுக்கு வருவோம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், தெரியும் உங்களுக்கு. செட்டிநாட்டு வீடு மாதிரி எடுத்தால் திண்ணை மட்டம் தெருவிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் வரும், அதற்கு 10.8 மீட்டர் நீளச் சாய்தளம், நடுவில் நின்று மூச்சு வாங்கத் தளம் வேறு. முகப்பில் அதை வைத்தால் வீட்டின் முகமே போய்விடும் என்று பின்பக்கம் தள்ளுவீர்கள், அப்போது வீல்சேரில் வருகிறவன் தினமும் குப்பைத்தொட்டிப் பக்கமாக வீட்டுக்குள் நுழைவான். பக்கவாட்டு முற்றத்து வாசலையே எல்லாருக்கும் தலைவாசல் ஆக்கிவிடுங்கள், நீங்களும் நானும் டாக்டரும் அதே வழியாகப் போகிறபடி. சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், நம் பழைய கழிப்பறைகள் எதிலும் அது கிடைக்காது, அதனால் கழிப்பறையைப் புதிதாக, சுவருக்கு வெளியே, தனிக் கூரையோடு கட்டுங்கள், பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் பதித்து சிமெண்ட் பூசினால் ஐந்தே வருடத்தில் சுவர் ஈரம் குடித்து உதிரும், அந்த மாதிரி உதிர்ந்த சுவர்களைச் சுரண்டித்தான் நான் பாதி வருமானம் பார்க்கிறேன். முற்றம் இருக்கிறதே, அதுதான் நம் வீடுகளின் பெரிய சொத்து. வெளியே இருக்கிற மாதிரியும் இருக்கும், பத்திரமாகவும் இருக்கும், ஆளைப் பார்த்துக்கொண்டே தனியாக இருக்கலாம்.

என் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர், வேலூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவம். 71 போரில் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது, புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் வைத்து அனுப்பினார்கள். வீட்டு நிலைப்படி நல்ல உயரம். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் இடது கையால் நிலையைப் பிடித்து, ஒரு நொடி நின்று, பிறகு அந்தக் காலை இடுப்பிலிருந்து வீசித் தாண்டுவார். முப்பது வருடம். அவர் கை படும் உயரத்தில் நிலையில் பெயின்ட் போய், மரம் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அதன்மேல் பெயின்ட் அடிப்போம், சித்திரைக்குள் மறுபடி போய்விடும். அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, கட்டடக்கலை படித்துவிட்டு லீவுக்கு வந்த எனக்கும்தான்.

அதனால் வீட்டுப்பாடம் ஒன்று. மருந்துக் கடையில் வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு நாளைக்கு எடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மாளிகைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து, கேட்டிலிருந்து கழிப்பறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல். எங்கெல்லாம் நிற்க வேண்டி வந்ததோ அங்கெல்லாம் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், நிலைப்படி உயரம், கதவு அகலம், தாழ்ப்பாள் எட்டுகிறதா என்பது வரைக்கும். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம்.